ஒதுக்கப்பட்ட குட்டி: நல்லாயன் ஞாயிறுப் பிரசங்கம்



பாஸ்காக் காலத்தின் நான்காம் ஞாயிறாகிய இன்று, நமது தாயாகிய திருச்சபை ஆண்டவரை நல்ல ஆயனாக நம் கண்முன் நிறுத்துகிறாள். முன்னாளில் இந்தச் சுவிசேஷம் பாஸ்குத் திருநாளுக்குப் பின்வரும் இரண்டாம் ஞாயிற்றில் வாசிக்கப்பட்டதை உங்களில் நரைத்த தலையுள்ளவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1964-ம் ஆண்டில் இந்த நல்லாயன் ஞாயிற்றையே தேவ அழைத்தலுக்காக உலகமெங்கும் மன்றாடும் நாளாக ஏற்படுத்தினார். ஆகையால் இன்று நீங்கள் குருமாருக்காகச் செபிக்கிறீர்கள். அந்தச் செபம் எனக்கு மிகவும் தேவை. ஏன் தேவையென்பதை இந்தப் பிரசங்கம் முடியுமுன் ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

சென்ற மாசி மாதத்தில், அறுப்பு முடிந்த நம் கோவில் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு நாள் மாலை நான் செபமாலை சொல்லிக்கொண்டு வரப்பில் நடந்து போனபோது, கிடைக்காரப் பெரியவர் ஒரு தாயாட்டின் கழுத்தைத் தம் முழங்காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு, ஒரு சிறு குட்டியை அதன் மடியில் விட்டுக்கொண்டிருந்தார். ஆடு உதைத்தது. குட்டி தள்ளாடி விழுந்தது. அவர் மறுபடியும் எடுத்து விட்டார். மறுபடியும் உதை.

"தாயில்லாக் குட்டியா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சாமி. இதுதான் தாய். ராத்திரி ரெட்டைக்குட்டி போட்டுச்சு. ஒண்ணை நக்கிச் சேர்த்துக்கிச்சு. இது உருண்டு வேற ஆடுங்களுக்கு நடுவே போயிருச்சு. வாசனை மாறிப்போச்சு. இப்போ கிட்டே சேர்க்க மாட்டேங்குது."

"அப்படியானால் என்ன செய்வீர்கள்?"

"தாயோட பாலையே கறந்து குட்டி மேலே தடவி விடுவோம். பிடிச்சு நிறுத்தி ஊட்ட விடுவோம். சில ஆடு ரெண்டு நாளிலே சேர்த்துக்கும். சிலதுக்கு ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் குட்டி தாங்கணும், அவ்வளவுதான் சாமி."

பிரியமானவர்களே, அந்தப் பெரியவர் நமது வேதத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனால் குருமடத்தில் பல வருஷம் நான் படித்த பாடத்தை அன்று அவர் வரப்பின்மேல் எனக்கு மறுபடியும் சொல்லிக் கொடுத்தார். ஆட்டின் பேரில் குற்றமில்லை. அது வாசனையைத்தான் நம்பும். குட்டியின் பேரிலும் குற்றமில்லை. அது இராத்திரியில் உருண்டுபோயிற்று. இருவருக்கும் நடுவில் முழங்காலிட்டு, உதையையும் வாங்கிக்கொண்டு, இவர்கள் தாயும் பிள்ளையும் என்று நினைவூட்டுகிறவனே ஆயன். அவன் அங்கே இல்லாவிட்டால், தாய் பக்கத்தில் நிற்கும்போதே குட்டி பசியால் செத்துப்போகும்.

தாய் பக்கத்திலிருந்தும் பட்டினி கிடக்கிற ஆத்துமங்கள் நமது பங்கில் உண்டா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

சுவிசேஷத்தைப் பாருங்கள். காணாமற்போன ஆட்டின் உவமையைச் சேசுநாதர் எப்போது சொன்னார்? அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அதைக் குறிக்கிறார். ஆயக்காரரும் பாவிகளும் அவர் பேச்சைக் கேட்க நெருங்கி வந்தார்கள். பரிசேயரும் வேதபாரகரும் முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுத்ததெல்லாம் ஒன்றே: இந்த மனிதன் பாவிகளை ஏற்றுக்கொள்ளுகிறான், அவர்களோடு பந்தியிலும் உட்காருகிறான் என்பதுதான். அதற்கு மறுமொழியாகவே ஆண்டவர் மூன்று உவமைகளைச் சொன்னார்: நூற்றில் ஒன்றாகிய ஆடு, பத்தில் ஒன்றாகிய காசு, இருவரில் ஒருவனாகிய மகன். கணக்கு எப்படிச் சுருங்கிக்கொண்டு வருகிறதென்று கவனியுங்கள். நூற்றில் ஒன்று போனால் கணக்கப்பிள்ளை தேய்மானமென்று எழுதிவிடுவான். இரண்டு பிள்ளைகளில் ஒருவன் போனால் எந்தத் தகப்பன் அப்படி எழுதுவான்? ஆண்டவருடைய பார்வையில் நூற்றில் ஒன்றும், இருவரில் ஒருவனும் ஒரே கணக்குத்தான்.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். உங்களில் சிலருக்கு இது தெரியும். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமென்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் போய்க் கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே இதை எழுதுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் செங்கற்சூளை வேலைக்காக வேறு ஜில்லாவிலிருந்து ஒரு குடும்பம் நம் ஊருக்கு வந்தது. முதல் இரண்டு வருஷம் கோவில் வரி கட்டினார்கள். பிறகு கட்டவில்லை. மழைக்காலத்தில் சூளைக்கு வேலையில்லை; வாங்கிய முன்பணமோ வளர்ந்துகொண்டே போகும். இதை நான் விசாரித்து அறிந்தது பின்னால்தான். ஞாயிறு தவறாமல் அவர்கள் பூசைக்கு வந்தார்கள். ஆனால் கோவிலுக்குள் வந்ததில்லை. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்டார்கள். நன்மை வாங்கும் வேளையில் மட்டும் உள்ளே வந்து, கடைசி ஆளாக வாங்கிக்கொண்டு, மறுபடியும் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பீடத்திலிருந்து பார்த்தால் அந்த மரம் எனக்கு நேராகத் தெரியும். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்களென்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு சனிக்கிழமை இரவு அந்த வீட்டுக் கிழவியம்மாள் இறந்துபோனார். மறுநாள் விடியற்காலை, நான் முதற்பூசைக்கு உடுப்பு உடுத்திக்கொண்டிருக்கையில், அவருடைய மகன் நனைந்த துண்டோடு வந்து சக்ரீஸ்து வாசலில் நின்றார். அடக்கத்துக்கு நேரம் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "கமிட்டித் தலைவரைப் பார்த்துவிட்டு வா" என்று சொன்னேன்.

"வா" என்று சொன்னேன், பிரியமானவர்களே. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று அவருக்குமுன் வந்து பூசைக் கருத்துக் கொடுத்துப் போன ஒரு வாலிபனை "வாருங்கள், தம்பி" என்று அழைத்தவன் நான். யாரை ஏற்றுக்கொள்ளுகிறோம், யாரை ஒதுக்குகிறோம் என்பதற்கு நம் தமிழில் ஒரு சொல்லே போதும். பூசைக்குரிய வெள்ளுடுப்பு என் உடம்பில் இருந்தபோதே அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

அவர் கமிட்டியாரிடம் போனார். ஆறு வருஷ வரிப்பாக்கி இருக்கிறதென்றும், அதைத் தீர்த்தால் குழி வெட்ட ஆள் அனுப்பலாமென்றும் சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னவர்களைக் கெட்டவர்களென்று நினைக்க வேண்டாம். பல வருஷமாக இருந்துவந்த வழக்கத்தையே அவர்கள் சொன்னார்கள். அந்த வழக்கம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவரை அங்கே அனுப்பினேன். பிறகு நான் இரண்டு கிளைக் கிராமங்களுக்குப் பூசைக்குப் போனேன். மதியம் திரும்பி வந்து சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கினேன். மாலையில்தான் நினைவு வந்து கேட்டேன். அதற்குள் அந்த அம்மாளைப் பொது இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள். குருவானவர் இல்லை, தீர்த்தம் இல்லை. நம் ஞானோபதேச வகுப்பில் படிக்கிற அடுத்த வீட்டுச் சிறுமி ஒருத்தி, தனக்குத் தெரிந்த செபங்களைக் குழியருகில் நின்று சொல்லியிருக்கிறாள். அன்று அந்தக் குழியருகில் ஆயனுடைய வேலையைச் செய்தது அவள்தான்.

மறுநாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அடுத்த வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வந்து எனக்குப் போட்டார்கள். மகன் கோபமாகப் பேசவில்லை. "சாமி, அம்மா சாகும்போது செபமாலையைக் கையிலே பிடிச்சிருந்துச்சு. அதோடவே வச்சிட்டோம். மண்ணு எல்லாம் ஆண்டவர் மண்ணுதான். ஆனா நம்ம கோவில்லே போயி, நீ யாருன்னு கேட்டுட்டாங்களேன்னுதான்..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

நம்ம கோவில் என்றார். அத்தனைக்குப் பிறகும் அவர் வாயில் "உங்க கோவில்" என்ற வார்த்தை வரவில்லை. நான் எத்தனையோ தியானங்களில் கேட்ட பிரசங்கங்களைவிட அந்த ஒரு சொல் என்னை அதிகமாகக் குத்தியது.

திருச்சபையின் சட்டம் எனக்குத் தெரியாததல்ல. 1983-ம் ஆண்டில் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529-வது சட்டம், பங்குக்குரு தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களை அறிய முயலவேண்டும், வீடுகளைச் சந்திக்கவேண்டும், ஏழைகளையும் துன்பப்படுவோரையும் தனித்திருப்போரையும் சொந்த ஊரைவிட்டு வந்தவர்களையும் விசேஷ கவலையோடு தேடவேண்டும் என்று விதிக்கிறது. 1181-வது சட்டம், அடக்கச் சடங்குக்கான காணிக்கை விஷயத்தில் ஆள்பார்த்து நடக்கலாகாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் கிடைக்காமற் போகலாகாது என்கிறது. இவற்றையெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்துத் தேறியவன். பரீட்சையில் தேறினேன், சக்ரீஸ்து வாசலில் தோற்றேன்.

இந்தக் குற்றம் நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல, இன்று நேற்றுப் பிறந்ததுமல்ல. திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில் வடக்கன்குளம் என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ம் தேதி, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நட்டாலம் நீலகண்டபிள்ளை என்பவர் அந்த ஊரில்தான் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று தரித்துக்கொண்டார். அவருக்கு வேதத்தை முதலில் எடுத்துச் சொன்னவரோ, 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டிலனாய் என்ற ஒல்லாந்துக்காரத் தளபதி. எதிரியாக வந்த அந்நியன் வாயிலாக இவர் ஆண்டவரை அறிந்தார். தாம் பிறந்த குலத்தின் மேன்மையைப் பாராட்டாமல், தாழ்ந்தவர்களென்று தள்ளப்பட்டவர்களோடு கலந்து பழகினார். சொந்த ஜனங்கள் அவரை ஒதுக்கினார்கள். 1749-ல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றப்பட்டு ஊரூராக அவமானப்படுத்தப்பட்டு, 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழியருகே காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022-ம் ஆண்டு மே 15-ம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் பரிசுத்தவான்களின் வரிசையில் சேர்த்தார்.

இந்த மகிமையைக் கேட்கிற நாம் அதே ஊரின் மற்றொரு சரித்திரத்தையும் கேட்கவேண்டும். அர்ச். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்று 127 வருஷம் சென்றபின், 1872-ல், அதே வடக்கன்குளத்தில் ஒரு கோவில் கட்டப்பட்டது. அதற்கு இரண்டு நடைகள். ஒரு நடையில் ஒரு சாதியார், மறு நடையில் மற்றவர்கள். இரண்டு நடைகளும் பீடத்தினருகில் மட்டும் சந்திக்கும். ஒருவரையொருவர் காணாமலே ஒரே பூசையைக் காணும்படி கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வகை செய்தார்கள். பலிபீடம் ஒன்று, பலி ஒன்று, அப்பம் ஒன்று. அதை உட்கொள்ளுகிறவர்களுக்கு நடுவிலோ சுவர். 1910-ல் அங்கிருந்த சேசுசபைக் குரு கௌசானல் சுவாமியார் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. அதற்காகக் கலகமும் எழுந்தது. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சாதியைச் சொல்லிக் கோவிலுக்குள் தனியிடம் கேட்க முடியவில்லை.

நம் கோவிலில் அப்படிப்பட்ட சுவர் எதுவும் இல்லையென்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். கல்லாலான சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். கண்ணுக்குத் தெரியாத சுவரை எதைக்கொண்டு இடிப்பது? முன்வரிசைப் பெஞ்சுகள் மூன்றில் வழக்கமாக யார் உட்காருகிறார்களென்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு புதியவர் வந்து அமர்ந்தால் யாரும் அவரை எழுப்புவதில்லை; ஆனால் பக்கத்திலிருப்பவர் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுகிறார், சேலைத் தலைப்பை இழுத்துக்கொள்ளுகிறார். அடுத்த ஞாயிறு அந்தப் புதியவர் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். அதற்கடுத்த ஞாயிறு வேப்பமரத்தடிக்கு. அப்புறம் மரத்தடியிலும் இல்லை. ஒரு குடும்பத்தைக் கோவிலிலிருந்து துரத்த ஒரு கடுஞ்சொல்லும் வேண்டியதில்லை; ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தாலே போதும்.

அர்ச். யாகப்பர் தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்தக் காட்சியையே வர்ணிக்கிறார். பொன்மோதிரமும் பகட்டான உடுப்புமாய் வருகிறவனுக்கு நல்ல இடம். அழுக்குடை உடுத்த ஏழைக்கு நிற்கிற இடம், அல்லது கால்மணையருகே தரை. இப்படி ஆள்பார்த்து நடக்கிறவர்கள் பாவம் செய்கிறார்கள் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறார். முதல் நூற்றாண்டின் கிறிஸ்தவர்களுக்கே அதைச் சொல்லவேண்டியிருந்தது. ஆகையால், பழைய குற்றம் என்று ஆறுதலடைய நமக்கு இடமில்லை; பழைய குற்றத்தைப் புதிதாகச் செய்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே இரண்டு ஆட்சேபனைகள் எழும். அவற்றுக்கும் மறுமொழி சொல்லவேண்டும்.

முதலாவது: "சுவாமி, எல்லாரையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால், பாவத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? கோவிலில் ஒழுங்கு வேண்டாமா?" வேண்டும். நல்ல ஆயன் கையில் கோல் உண்டு. சேசுநாதர் சக்கேயு வீட்டுக்குப் போனார். ஆனால் சக்கேயு சக்கேயுவாகவே இருந்துவிடவில்லை. தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். ஆயினும் முறையைக் கவனியுங்கள். முதலில் திருந்து, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று ஆண்டவர் நிபந்தனை போடவில்லை. முதலில் மரத்தண்டை போய் நின்று, அண்ணாந்து பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகே அவன் மனம் மாறியது. பாவத்தைப் பாவமென்று சொல்லுவது என் கடமை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதை நான் விடுவதில்லை. ஆனால் வறுமை பாவமல்ல. பிற ஊரில் பிறந்தது பாவமல்ல. வரிப்பாக்கி மரண பாவமல்ல. பாவமல்லாதவற்றுக்காக நாம் மனிதரை ஒதுக்கிவிட்டு, உண்மையான பாவங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

இரண்டாவது ஆட்சேபனை கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தது. ஒரு பெரியவர் எழுந்து, "ஒழுங்காக வரி கட்டுகிறவன் ஏமாளியா, சுவாமி? என் தகப்பனார் கூலி வேலை செய்து இந்தக் கோவிலுக்குக் கல் சுமந்தார். கட்டாதவனுக்கும் கட்டினவனுக்கும் ஒரே மரியாதை என்றால் நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெரியவரை நான் மதிக்கிறேன். அவர் பேசியதைக் கேட்டபோது ஊதாரிப் பிள்ளையின் மூத்த அண்ணன் என் நினைவுக்கு வந்தான். அவனும் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காக உழைத்தேன் என்றது உண்மை; ஒரு நாளும் கட்டளை மீறவில்லை என்றதும் உண்மையாயிருக்கலாம். அவனைத் தகப்பன் கடிந்துகொண்டாரா? இல்லை. விருந்தை விட்டுவிட்டு வெளியே வந்து, முற்றத்தில் நின்ற அவனையும் வருந்தி அழைத்தார். அன்று அந்தத் தகப்பன் இரண்டு தரம் வாசலைத் தாண்டினார்; இளையவனுக்காக ஒரு தரம், மூத்தவனுக்காக ஒரு தரம். ஆகையால், ஒழுங்காக வரி கட்டி, கோவிலைத் தாங்கி நிற்கிற குடும்பங்களே, நீங்கள் என்றும் தகப்பனோடேயே இருக்கிறவர்கள். அவருடையதெல்லாம் உங்களுடையது. உங்கள் கையால் வந்த கல்லில்தான் நாங்கள் நிற்கிறோம். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் தம்பி திரும்பி வருகிற நாளில் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். கோவில் வரி நியாயமானது. அதைக் கேட்க வருஷத்தில் எத்தனையோ நாள் உண்டு. பிணத்தை வைத்துக்கொண்டு கேட்கிற நாள் மட்டும் அதற்குரிய நாளல்ல.

அந்தப் பெரியவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "குழி வெட்டும் கூலி நம் பொதுப்பணத்திலிருந்து போகட்டும்" என்று முதலில் சொன்னவர் அவரே. இதையும் நீங்கள் அறியவேண்டும்.

பிரியமானவர்களே, ஆயன் என்ற பெயர் குருவுக்கு மட்டும் உரியதென்று நினையாதேயுங்கள். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2013-ம் ஆண்டு மார்ச் 28-ம் தேதி பெரிய வியாழன் காலைப் பூசையில், ஆயர்கள்மேல் ஆடுகளின் மணம் வீசவேண்டுமென்று குருக்களுக்குப் புத்தி சொன்னார். கிடைக்காரப் பெரியவரைப் பார்த்த அன்று அதன் பொருள் எனக்கு இன்னும் நன்றாய் விளங்கிற்று. ஆயன்மேல் ஆட்டின் மணம் வேண்டும். அதோடு குட்டியின்மேல் தாயின் மணமும் வேண்டும். குட்டியின்மேல் தாயின் பாலைத் தடவ என் இரண்டு கை போதாது. குடும்பத்துக்குத் தகப்பன் ஆயன். தாய் ஆயன். ஞானோபதேச ஆசிரியை ஆயன். அன்பியத் தலைவர் ஆயன். வீட்டை எதிர்த்து மணமுடித்துக்கொண்டதால் ஐந்து வருஷமாகப் படியேறாத மகள் உங்களில் சிலருக்கு உண்டு. குடித்துக் கெட்ட தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் உண்டு. மாமியாரைப் பின்கட்டில் ஒதுக்கின மருமகள் உண்டு. மருமகளைப் பிள்ளையில்லாதவள் என்று விசேஷ வீடுகளுக்கு அழைத்துப் போகாத மாமியாரும் உண்டு. மந்தை கோவிலில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுப் பட்டியில் எத்தனை ஆடு, இன்று இராத்திரி எத்தனை உள்ளே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தாள் கோவிலுக்கு வராத வீடுகளுக்கும் போகிறதென்று அறிவேன். எங்களால் மனம் புண்பட்டு விலகியிருப்பவர்களே, உங்களைப்போல ஒதுக்கப்பட்ட ஒருவரை நாம் ஆராதிக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த அன்று சத்திரத்தில் இடமில்லை. அவர் வளர்ந்த நசரேத்தூரார் அவரைச் செபக்கூடத்திலிருந்து துரத்தி, மலைச்சரிவில் தள்ளிவிடக் கொண்டுபோனார்கள். கடைசியில் பட்டணத்து மதிலுக்கு வெளியே மரித்தார். ஆகையால் வெளியே நிற்கிறவன் ஆண்டவருக்குத் தூரமானவனல்ல. ஆனால், நாங்கள் தவறு செய்தோமென்பதற்காக நீங்கள் உங்கள் தகப்பன் வீட்டை விட்டுவிடாதேயுங்கள். வீடு எங்களுடையதல்ல, எங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதுமல்ல. திபேரியாக் கடலோரத்தில் சேசுநாதர் அர்ச். இராயப்பரிடம் மந்தையை ஒப்படைத்தபோது, ஆடுகளைத் தம்முடையவை என்றே சொன்னார். இராயப்பருடையவை என்று சொல்லவில்லை. மூன்று தரம் தம்மை மறுதலித்தவரிடம் மூன்று தரம் கேட்டு, அதற்குப் பிறகும் அவரையே நம்பி ஒப்படைத்தார். என்னைப் போன்ற ஒரு குருவுக்கு இதைவிட ஆறுதலும் இல்லை. இதைவிடப் பயமும் இல்லை.

அந்த அம்மாளின் முப்பதாம் நாளன்று, நான் பொது இடுகாட்டுக்குப் போய் அவர் குழியை மந்திரித்தேன். பங்கு மக்களில் நாற்பது பேர்போல உடன் வந்தீர்கள். கோவிலில் அவருக்காகப் பூசை வைத்தேன். வீட்டார் எல்லாரும் வந்தார்கள். அவர்களுக்கென்று நடுப்பெஞ்சு ஒன்றைக் காலியாக வைத்திருந்தோம்.

அவர்கள் வேப்பமரத்தடியில்தான் நின்றார்கள்.

எனக்கு வருத்தமாயிருந்தது, ஆச்சரியமாயில்லை. எட்டு வருஷம் உதைபட்ட குட்டி ஒரே நாளில் மடிக்கு வராது. அதற்குச் சில நாளாகும். அதுவரைக்கும் அது தாங்கவேண்டும். தாங்கும்படி செய்வது நம் பொறுப்பு.

ஆகையால், கமிட்டியார் ஏகமனதாய்ச் சம்மதித்த மூன்று காரியங்களை இங்கே அறிவிக்கிறேன். ஒன்று: இன்று முதல் நமது பங்கில் எவர் இறந்தாலும் வரிப்பாக்கி கேட்கப்படமாட்டாது; குழி வெட்டும் செலவு ஏழைகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கப்படும். துக்க வீட்டார் என்னிடம் நேரே வரட்டும். நான் யாரிடமும் அனுப்பமாட்டேன். இரண்டு: பெஞ்சுகளில் எவருக்கும் பிடித்து வைத்த இடம் கிடையாது. வயோதிகரும் கைக்குழந்தைக்காரிகளும் முன்னே அமரட்டும். மூன்று: வருகிற மாதம் முதல் வாரத்தில் இரண்டு மாலை நான் வீடுகளைச் சந்திப்பேன். சூளைக் கொட்டகைகளிலிருந்து தொடங்குவேன். அன்பியத் தலைவர்களில் இருவர் என்னோடு வரவேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதைக் கமிட்டி தீர்மானிக்க முடியாது. நீங்கள் ஒவ்வொருவரும்தான் தீர்மானிக்க முடியும். அடுத்த ஞாயிறு பூசைக்கு மணியடிக்குமுன், உங்களில் யாராவது ஒருவர் எழுந்து, அந்த மரத்தடிக்குப் போய், "வாருங்கள், அண்ணே, வாருங்கள், அக்கா" என்று கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவர்கள் வரமறுத்தால், நீங்களும் அங்கேயே பக்கத்தில் நின்று பூசை காணுங்கள். அதற்கடுத்த ஞாயிறு மறுபடியும் கூப்பிடுங்கள்.

நல்ல ஆயனாகிய சேசுவே, உமது மந்தையில் எண்ணாமல் விட்ட ஆடுகளை எங்களுக்குக் காட்டியருளும். ஒதுக்கியவர்களுக்கு மனஸ்தாபத்தையும், ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பொறுமையையும், உமது ஊழியனாகிய எனக்கு விழித்திருக்கும் வரத்தையும் தந்தருளும். ஆமென்.

கிறிஸ்துநாதரில் உங்கள் ஊழியன்,
பங்குக்குரு